பெங்களூரில் திடீரென்று கோர்ட் ஃபைன் வந்தால் என்ன செய்வது? முழு வழிகாட்டி

உங்கள் வண்டி நம்பரைப் போட்டு, இந்தப் போக்குவரத்து வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது ஆன்லைனில் நடக்கிற கோர்ட்டுக்கு, அனுப்பப்பட்டிருக்கிறது என்று ஒரு எஸ்எம்எஸ் வரும். இல்லையென்றால் ஆர்சி புத்தகத்தில் இருக்கிற பழைய வாடகை வீட்டு முகவரிக்குக் கன்னடத்தில் ஒரு தபால் போய், அந்த வீட்டுக்காரர் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கோர்ட் என்று பார்த்ததும் பாதிப் பேர் பயந்துபோய் அன்றைக்கே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள், மீதிப் பேர் ஐந்நூறு ரூபாய்தானே, யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே வேண்டாம். வந்திருப்பது எந்தக் கட்டத்தில் நிற்கிறது, போட்டோவில் இருப்பது உங்கள் வண்டிதானா, இந்த இரண்டையும் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைப் பற்றி யோசிக்கலாம். அரை மணி நேர வேலை.

முதலில், அது நிஜமா?

போலி சலான் (போக்குவரத்து அபராதச் சீட்டு) மெசேஜ் இப்போது சர்வ சாதாரணம். வாட்ஸ்அப்பில் "ஆர்டிஓ சலான்" என்ற பெயரில் ஒரு ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை நிறுவுகிற ஃபைல்) வரும், தொட்டால் போன் அவர்கள் கைக்குப் போய்விடும், ஓடிபி எல்லாம் அங்கே போகும். எந்த அரசுத் துறையும் சலானை ஏபிகே ஆக அனுப்பாது. இன்னொரு வகை, மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகன் மாதிரியே இருக்கிற போலித் தளத்துக்கு லிங்க். அரசுத் தளங்களின் முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடியும், நடுவில் எங்கோ வந்தால் போதாது, கடைசியில் வர வேண்டும். ஆகவே மெசேஜில் இருக்கிற லிங்க்கைத் தொடாமல், தளத்தின் பெயரை நீங்களே பிரவுசரில் டைப் செய்து உள்ளே போங்கள். ஏற்கெனவே தொட்டுப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

எல்லாவற்றையும் நாம் பொதுவாக 'ஃபைன்' என்றுதான் சொல்கிறோம், ஆனால் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. போலீஸிடமே நிற்கிற சலான் ஒன்று. மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்ட சலான் அடுத்தது. நேரில் ஆஜராகச் சொல்லி மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து வருகிற சம்மன் மூன்றாவது.

போலீஸ் கட்டத்தில் பணம் கட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 200-வது பிரிவின்படி அது சமரசமாக முடிகிறது. மேற்கொண்டு வழக்கே கிடையாது, நீங்கள் குற்றவாளி என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டினால், தொகை அதே ஐந்நூறாக இருந்தாலும், காகிதத்தில் அது தண்டனை. ஹெல்மெட் கேஸுக்கு இதனால் யாருக்கும் வேலை போகப்போவதில்லை, உண்மைதான். ஆனால் இன்னொன்று இருக்கிறது, ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீட்டில் அபராதம் அதிகம், சட்டப்படி இல்லை என்று மட்டும்தான் பேச முடியும், நான் செய்யவே இல்லை என்று பேச முடியாது. செய்யாத ஒன்றுக்குத் தொல்லை விட்டால் போதும் என்று கட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

கட்டத்தைக் கண்டுபிடிக்க நாலு இடத்தில் பாருங்கள். பெங்களூரு போக்குவரத்து போலீஸின் சொந்தத் தளம் அல்லது அவர்களுடைய அஸ்த்ரம் ஆப், மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளம், விகோர்ட்ஸ் என்ற மெய்நிகர் நீதிமன்றத் தளம், கடைசியாக, சாதாரண கோர்ட் வழக்குகளின் நிலையைக் காட்டுகிற இ-கோர்ட்ஸ் தளம் அல்லது ஆப். ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் நிற்கும், ஒரு தளத்தில் பாக்கி ஏதும் இல்லை என்று வந்தவுடன் நிம்மதியாகிவிடாதீர்கள். விகோர்ட்ஸில் முதலில் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், அங்கே உங்கள் வண்டி எந்த மாநிலத்து நம்பர் என்பது முக்கியமில்லை, தப்பு எங்கே நடந்ததாகச் சொல்கிறார்களோ அந்த மாநிலம். ஓசூரிலிருந்து டிஎன் வண்டியில் தினம் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வருகிறவருக்குப் பெரும்பாலும் கர்நாடகா, பொங்கலுக்குக் கேஏ காரில் ஊருக்குப் போனபோது மாட்டியவருக்குத் தமிழ்நாடு. வழக்கு எண் தெரியாவிட்டாலும் வண்டி நம்பர், சலான் எண், மொபைல் எண் இதில் ஏதாவது ஒன்றை வைத்துத் தேடலாம். சம்மனில் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சிஎன்ஆர் எண் இருந்தால் இ-கோர்ட்ஸில் அதை மட்டும் போட்டாலே எந்தக் கோர்ட் ஹால், அடுத்த வாய்தா என்றைக்கு என்பது வந்துவிடும்.

தபால் கன்னடத்தில் இருந்து படிக்க வராவிட்டால் போன் கேமராவின் மொழிபெயர்ப்பே போதும். தேதி, பிரிவு எண், கோர்ட் பெயர் இந்த மூன்றும் புரிந்தால் சரி. பிரிவு எண்ணைக் கவனியுங்கள், 194டி என்றால் ஹெல்மெட், 194பி என்றால் சீட் பெல்ட். 185 என்று இருந்தால் குடித்துவிட்டு ஓட்டிய கேஸ், 199ஏ என்றால் பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் வண்டி கொடுத்த கேஸ். கடைசி இரண்டுக்கும் இந்த வழிகாட்டி போதாது, முதல் தடவை 185-க்கே ஆறு மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் அபராதமோ இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம், 199ஏ-யில் பெற்றவருக்கோ வண்டி ஓனருக்கோ மூன்று வருடம் வரை போகும், 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வக்கீலைப் பிடியுங்கள்.

போட்டோவை உட்கார்ந்து பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். 2022 டிசம்பரில் பெங்களூரின் 50 சந்திப்புகளில் தானியங்கி கேமராக்கள் இயங்கத் தொடங்கின, அதற்குப் பிறகு பெரும்பாலான சலான்களோடு போட்டோவும் வருகிறது. அதைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். நம்பர் பிளேட்டில் 3 என்பதை 8 என்று மெஷின் படித்திருக்கலாம், பி என்ற எழுத்தை 8 ஆக்கியிருக்கலாம், சேறு பட்ட பிளேட்டில் டி-யும் ஓ-வும் ஒன்றுபோலத்தான் தெரியும். அப்புறம் வண்டி. உங்களுடையது கறுப்பு ஸ்கூட்டர், போட்டோவில் இருப்பது கிராஷ் கார்டு போட்ட பைக் என்றால் பேச்சே இல்லை. அதே மாடல், அதே நிறம் என்றால்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். சீட் கவர், பின்னால் ஒட்டிய ஸ்டிக்கர், சைடு பாக்ஸ், கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறதா, மட்கார்டில் கீறல் இருக்கிறதா, இதெல்லாம் பிறகு உங்கள் சாட்சி. உங்கள் வண்டியை முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் என்று நாலு போட்டோ எடுத்து, சலான் போட்டோவோடு ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். சலான் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்குப் பார்க்கும்போது அந்தப் போட்டோ திறக்காமல் போகலாம்.

கேமரா சலானில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்த்த 167ஏ விதி சொல்கிறது. தப்பும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரிகிற போட்டோ, வேகம் என்றால் கருவி அளந்த அளவு, தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு மீறப்பட்டது என்ற விவரம், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ். தப்பு நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றும் அதே விதியில் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து வந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு இந்த 15 நாள் கணக்கை வாதமாக வைக்கலாம். ஆனால் அதைச் சொன்னவுடன் கேஸ் தானாக விழுந்துவிடும் என்று யூடியூபில் சொல்வதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், ஏற்பதும் ஏற்காததும் நீதிபதி கையில்.

தப்பு உங்களுடையதுதான் என்றால்

கட்டிவிடுங்கள். சில்க் போர்டு சிக்னலில் கோட்டைத் தாண்டி நின்றதற்கு ஆபீசுக்கு லீவு போட்டு வாதாடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. போலீஸ் கட்டத்தில் இருந்தால் அவர்கள் தளத்திலேயே கட்டலாம், இன்டர்நெட் ஒத்துவராதவர்கள் பெங்களூர் ஒன் மையத்திலோ பக்கத்து டிராபிக் போலீஸ் ஸ்டேஷனிலோ கட்டி ரசீது வாங்கலாம். கோர்ட் கட்டத்துக்குப் போயிருந்தால் போலீஸ் தளத்தில் கட்ட முயற்சி செய்யாதீர்கள். விகோர்ட்ஸில் வழக்கைத் திறந்ததும் மொபைலுக்கு ஓடிபி வரும், அதைப் போட்டதும் நீதிபதி நிர்ணயித்த அபராதத்தைக் கட்டுகிறேன், வழக்கை எதிர்க்கிறேன் என்று இரண்டு வழி காட்டும். முதலாவதைத் தேர்ந்தெடுத்துக் கட்டினால் அத்தோடு முடிந்தது. பணம் அக்கவுன்டில் போய்விட்டது, ஆனால் ரசீது வரவில்லை என்றால் அவசரப்பட்டு இரண்டாவது தடவை கட்டாதீர்கள், நிலுவையில் நிற்கும் பணப் பரிவர்த்தனையைச் சரிபார்க்க அங்கேயே வழி இருக்கிறது.

பாதித் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2023 பிப்ரவரியில் கர்நாடக அரசு பாக்கி சலான்களுக்கு 50 சதவீதம் தள்ளுபடி கொடுத்தபோது பெங்களூரில் நூறு கோடிக்கும் மேல் வசூலானது, வரிசை ரோடு வரைக்கும் நின்றது. அப்புறமும் சில தடவை கொடுத்தார்கள், 2025-இல் ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 12 வரை ஒரு தடவை. பத்து இருபது சலான் சேர்ந்து ஆயிரக்கணக்கில் நிற்கிறவருக்கு அது லாபம்தான். ஒரே ஒரு சலானுக்காக இருநூற்றைம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க அடுத்த அறிவிப்பு வரும் வரை காத்திருந்து, நடுவில் அது கோர்ட்டுக்குப் போய்விட்டால் அலைச்சல் உங்களுக்கு.

உங்கள் தப்பு இல்லை என்றால்

இங்கே நாலு விதம் இருக்கிறது, நாலுக்கும் ஒரே பதில் இல்லை.

மெஷின் நம்பரைத் தப்பாகப் படித்திருந்தால், போலீஸ் கட்டத்திலேயே தீர்த்துவிடலாம். போலீஸ் தளத்தில் புகார் செய்யும் வசதி இருக்கிறது, பரிவாகனிலும் குறைதீர்ப்புப் பகுதி இருக்கிறது. எழுதும்போது கதை வேண்டாம். சலான் எண், தேதி, இடம், "படத்தில் இருக்கும் வாகனம் என்னுடையது அல்ல, படத்தில் இருப்பது சிவப்பு பைக், என்னுடையது சாம்பல் நிற ஸ்கூட்டர், ஆர்சி நகலும் நாலு படங்களும் இணைத்துள்ளேன், சலானை ரத்து செய்ய வேண்டுகிறேன்" என்ற அளவில் இங்கிலீஷிலோ கன்னடத்திலோ எழுதுங்கள். புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் அசைவு இல்லையென்றால் அதே காகிதங்களோடு இன்பென்ட்ரி ரோட்டில் இருக்கிற டிராபிக் மேனேஜ்மென்ட் சென்டருக்கு நேரிலேயே போய்விடுவது நல்லது.

வண்டியை விற்றுவிட்டீர்கள், ஆனால் ஆர்சியில் பெயர் மாறவில்லை என்றால் நிலைமை கொஞ்சம் சிக்கல். சட்டத்தின் பார்வையில் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், 2018-இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. விற்றவர் 29-ஆம் நம்பர் படிவத்தில் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள். வாங்கியவர் 30-ஆம் நம்பர் படிவம் கொடுக்க வேண்டும். சிவாஜி நகரிலோ கலாசிபாளையத்திலோ ஒரு புரோக்கரிடம் வண்டியைக் கொடுத்து, காலி படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் நம் ஆட்களில் ஏராளம். அந்த வண்டி எத்தனை கை மாறியதோ தெரியாது, நோட்டீஸ் மட்டும் உங்களுக்கே வரும். விற்பனைக் கடிதம், டெலிவரி நோட், பணம் வந்த பேங்க் பதிவு, வாங்கியவரின் ஆதார் நகல், எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு போலீஸுக்கு எழுதிக் கொடுங்கள், கையோடு பெயர் மாற்ற வேலையையும் தொடங்கிவிடுங்கள்.

வேறொருவர் ஓட்டியிருந்தால், மச்சானோ டிரைவரோ, ஓட்டியது யார் என்ற தகவலைக் கேட்டால் கொடுப்பது ஓனரின் கடமை என்று 133-வது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் எல்லோரும் செய்வது, ஓனர் கட்டிவிட்டு மச்சானிடம் வாங்கிக்கொள்வது. வாங்க முடிந்தால் சரி.

நாலாவதுதான் நிஜமாகவே பயப்பட வேண்டியது. உங்கள் நம்பரை அப்படியே வேறு வண்டியில் மாட்டிக்கொண்டு யாரோ சுற்றுகிறார். நீங்கள் போகாத ஏரியாவிலிருந்து, நீங்கள் ஆபீசில் இருந்த நேரத்தில், சலான் மேல் சலானாக வரும். இதில் ஐந்நூறு ரூபாய்தானே என்று கட்டவே கூடாது. கட்டினால் அந்த வண்டி என்னுடையதுதான் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி, நாளைக்கு அந்த ஆள் யாரையாவது இடித்துவிட்டு ஓடினால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான். உங்கள் ஏரியா போலீஸ் ஸ்டேஷனில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சீல் போட்ட நகலை வாங்குங்கள். அன்றைய ஆபீஸ் வருகைப் பதிவு, அபார்ட்மென்ட் கேட் பதிவு, ஃபாஸ்டேக் பதிவு என்று வண்டி வேறு இடத்தில் இருந்ததைக் காட்டும் எதுவும் உதவும். அடுத்தடுத்து வரும் சலான்களுக்கும் அதே புகார் நகலே பதில்.

வழக்கை எதிர்ப்பது என்று முடிவெடுத்தால்

விகோர்ட்ஸில் எதிர்க்கிறேன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு அந்த ஏரியாவுக்குரிய சாதாரண கோர்ட்டுக்கு மாறும், பிறகு வாய்தா தேதி வரும். இது விளையாட்டு இல்லை, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை போக வேண்டியிருக்கும், அதனால் கையில் நிஜமான ஆதாரம் இருந்தால் மட்டும் இந்த வழி. சம்மன் வந்த வழக்கில் எல்லா வாய்தாவுக்கும் நீங்களே போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை, சிறை தண்டனைக்கு இடமில்லாத மோட்டார் வாகன வழக்குகளில் வக்கீல் மூலம் ஆஜராகலாம் என்பதை சம்மனிலேயே எழுத வேண்டும் என்று 208-வது பிரிவு சொல்கிறது. சம்மனைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தையும் படியுங்கள்.

போகிற அன்றைக்கு ஆர்சி, டிஎல், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், சம்மன் எல்லாவற்றிலும் அசலும் இரண்டு செட் ஜெராக்ஸும், போட்டோக்களைப் பிரின்ட் எடுத்து. போனில் காட்டலாம் என்று போகாதீர்கள், நீதிபதி மேசைக்கு உங்கள் போன் போகாது. மேயோ ஹால் கோர்ட் வளாகம் என்று சம்மனில் இருந்தால் எம்ஜி ரோடு மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம், அந்தப் பக்கம் பார்க்கிங் தேடிப் புதிதாக ஒரு சலான் வாங்க வேண்டாம். ஹால் எண்ணைப் பார்த்து, வாசலில் ஒட்டியிருக்கிற அன்றைய வழக்குப் பட்டியலில் உங்கள் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, உள்ளே பெஞ்ச் கிளார்க்கிடம் வந்திருப்பதைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். பெயரைக் கூப்பிடும்போது வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தால் ஆஜராகவில்லை என்று எழுதிவிடுவார்கள். நீதிபதி கேட்கும்போது ஒப்புக்கொள்ளவில்லை, வண்டி என்னுடையதில்லை, ஆதாரம் இருக்கிறது என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். கன்னடம் தடுமாறினால் தமிழிலோ இங்கிலீஷிலோ பேசட்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், உங்களுக்குப் புரியாத மொழியில் சாட்சி சொன்னால் அதை விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

வாசலில் சிலர் நிற்பார்கள், "உள்ளே போகவே வேண்டாம் சார், ஆயிரத்தைந்நூறு கொடுங்க, நான் முடிச்சுத் தர்றேன்" என்று. அவரிடம் கொடுத்த பணத்துக்கு ரசீது கிடையாது, அடுத்த வருடம் அதே கேஸ் அப்படியே நிற்கும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணையத்தைக் கேட்கலாம், தேசிய உதவி எண் 15100. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. ஆண்டில் சில முறை நடக்கும் தேசிய லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) இந்த மாதிரிச் சின்ன கேஸ்கள் ஒரே நாளில் முடிவதும் உண்டு, உங்கள் கேஸை அதில் எடுப்பார்களா என்று ஹாலிலேயே விசாரியுங்கள்.

தேதி தாண்டிவிட்டால்

சம்மனை வாங்கியும் போகாமல் விட்டால் அடுத்தது வாரன்ட், முதலில் பெரும்பாலும் ஜாமீனில் விடக்கூடியது. பதறாமல் ஒரு வக்கீலோடு போய் வாரன்ட்டைத் திரும்பப் பெற மனு போடுங்கள். நீங்களாகப் போய் நிற்பதற்கும் போலீஸ் கூட்டிவருவதற்கும் மரியாதையில் நிறைய வித்தியாசம்.

ஆறு மாதம் ஆகிவிட்டால் கேஸே செல்லாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய குற்றங்களை ஆறு மாதத்துக்குப் பிறகு கோர்ட் கையில் எடுக்கக் கூடாது என்பது நிஜம்தான், 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 514-வது பிரிவாக அது தொடர்கிறது. ஆனால் கணக்கு, போலீஸ் கோர்ட்டில் தாக்கல் செய்த தேதி வரைக்கும்தான், சம்மன் உங்கள் கைக்கு வந்த தேதி வரைக்கும் இல்லை. தாமதத்துக்குக் காரணம் சொன்னால் நீதிபதி மன்னிக்கவும் முடியும். எனவே தாக்கல் தேதியை இ-கோர்ட்ஸில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கட்ட வேண்டும், ஆனால் மாதக் கடைசி, மொத்தமாகக் கையில் இல்லை என்றால் அதையும் நீதிபதியிடம் சொல்லலாம். முப்பது நாள் அவகாசமோ இரண்டு மூன்று தவணையோ கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வாயைத் திறந்து கேட்டால்தான்.

கட்டிய பிறகு

ரசீதைப் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள், ஒரு பிரின்ட் எடுத்து வண்டிக் காகிதங்களோடு வையுங்கள். சில நாள் கழித்து விகோர்ட்ஸில் வழக்கு முடிந்ததாகக் காட்டுகிறதா என்றும், போலீஸ் தளத்திலும் பரிவாகனிலும் பாக்கி போய்விட்டதா என்றும் பாருங்கள். கோர்ட்டில் முடிந்தது போலீஸ் தளத்தில் ஏற நாளாகலாம், ஏறவே இல்லையென்றால் ரசீதை இணைத்துப் புகார் போடுங்கள். இதில் அசட்டையாக இருந்தால் வண்டியை ஊருக்குக் கொண்டுபோக என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்றிதழ்) கேட்கிற அன்றைக்கு, இல்லை விற்கிற அன்றைக்கு, அந்த ஐந்நூறு ரூபாய் பாக்கி வந்து குறுக்கே நிற்கும்.

அப்புறம் ஆர்சியில் இருக்கிற மொபைல் எண். பாதி வண்டிகளில் ஷோரூம்காரர் எண்ணோ, எப்போதோ தூக்கிப்போட்ட சிம்மோதான் இருக்கும், அதனால்தான் எல்லாம் கோர்ட்டுக்குப் போன பிறகு தெரியவருகிறது. பரிவாகன் தளத்தில் ஆர்சி நம்பர், சேஸி நம்பர் போட்டு அதை மாற்றிவிடலாம். முகவரி மாற்றத்துக்கும் அங்கேயே விண்ணப்பம் இருக்கிறது.